கணிப்பொறியில் குறுக்கீடு: எளிமையே காவல்

கொச்சித் துறைமுகத்தின் நுழைவாயில் வைப்பின் தீவுக்கும் கோட்டைக் கொச்சிக்கும் இடையே அமைந்துள்ளது. அரபிக் கடலிலிருந்து வரும் கப்பல்கள் இக்குறுகிய நீர்வழியாகவே உள்ளே நுழைதல் வேண்டும். அதே நீர்வழியைக் குறுக்கே கடந்து, இரு கரைகளுக்கும் இடையே மக்களும் வாகனங்களும் நாள்தோறும் செல்கின்றனர். 2018-ஆம் ஆண்டில் ‘சேதுசாகர்’ என்னும் பெயர் கொண்ட வாகனப் படகுகள் இத்துறையில் இயங்கத் தொடங்கின. பெருங்கப்பல் ஒன்று வாயிலை நெருங்குமாயின், கடக்கவிருக்கும் படகு வழிவிட்டு நிற்க நேரிடும். கப்பல் சென்ற பின்னர்த் தன் பணியை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கணிப்பொறியினுள்ளும் இத்தகைய நிகழ்ச்சி ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் நிகழ்கின்றது. செயலி ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது, விசைப்பலகையோ வட்டோ வலைத்தொடர்புச் சாதனமோ ‘என்னைக் கவனிக்க’ என்று அறிவிப்பு விடுக்கின்றது. செயலி தன் வேலையை நிறுத்தி, அறிவிப்பைக் கவனித்து, மீண்டும் பழைய வேலைக்குத் திரும்புகின்றது. இவ்வறிவிப்புக்குக் ‘குறுக்கீடு’ என்று பெயர். அதனை ஏற்று ஆவன செய்யும் கட்டளைத் தொடரைக் ‘கவனிப்பு நிரல்’ எனலாம். இது, இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலில் அமைந்திருக்கும். இந்நிரலை எளிமையாக்குவதற்குக் கெர்னல் அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைத்துள்ளனர். அவ்வுழைப்பின் காரணத்தையும் பயனையும் ஈண்டுக் காண்போம்.

குறுக்கீட்டின் தேவை

ஒரு செயலி விநாடிக்கு 100 கோடி துடிப்புகளுடன் இயங்குவதாகக் கொள்வோம். விரைந்து தட்டச்சுச் செய்பவரும் விநாடிக்கு 10 எழுத்துகளுக்கு மேல் தட்டுவது அரிது. ஆகவே ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே செயலிக்கு 10 கோடி துடிப்புகள் கிடைக்கின்றன. ‘எழுத்து வந்ததா, வந்ததா’ என்று செயலி ஓயாது வினவிக்கொண்டிருக்குமாயின், இவ்வளவு ஆற்றலும் வீணாகும். செயலி வேறு பணிகளைச் செய்துகொண்டிருக்க, எழுத்து வந்தவுடன் விசைப்பலகையே அறிவித்தல் சிக்கனமான வழியாகும்.

அறிவிப்பு வந்ததும் நிகழ்வன நான்கு. செயலி தான் நிறுத்திய கட்டளையின் இடத்தைக் குறித்துக்கொள்கின்றது. கெர்னலில் முன்னரே வகுக்கப்பட்ட இடத்துக்குத் தாவுகின்றது. அங்குள்ள கவனிப்பு நிரல் சாதனத்தை அடையாளங்கண்டு வேண்டியதைச் செய்கின்றது. முடிவில் செயலி, குறித்து வைத்த இடத்துக்குத் திரும்புகின்றது. இடையில் நிறுத்தப்பட்ட வேலை, தான் நிறுத்தப்பட்டதையே அறியாதவாறு தொடர்தல் வேண்டும். கேட்பதற்கு இது எளிது. ஆயினும் கணிப்பொறியியலின் கடினமான பகுதிகளுள் இதுவும் ஒன்றாகும்.

பிழையின் இயல்பு

கடினத்தின் காரணத்தை முதலில் உணர்ந்தவர்களுள் டச்சு நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒருவர். எலெக்ட்ரோலாஜிக்கா எக்ஸ்-1 என்னும் கணிப்பொறி வடிவமைக்கப்பட்டபோது, அதில் குறுக்கீட்டு வசதியைச் சேர்க்கலாம் என்று அவருடன் பணியாற்றிய பொறியியலாளர்கள் முன்மொழிந்தனர். டைக்ஸ்ட்ரா உடனே இசையவில்லை, அஞ்சித் தயங்கினார். குறுக்கீடு எக்கணத்தில் வரும் என்று முன்கூட்டிக் கூற இயலாது. ஆகவே அதனால் விளையும் பிழையை மீண்டும் வரவழைத்துக் காட்டவும் இயலாது என்பதே அவர் அச்சம். பின்னர் அவரே அப்பொறிக்குரிய கவனிப்பு நிரலை எழுதினார். 1959-ஆம் ஆண்டு அவர் பெற்ற முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வும் அதனையொட்டியதே.

அவ்வச்சத்தின் அளவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நூறு கட்டளைகள் கொண்ட ஒரு கவனிப்பு நிரலின் இடையே மற்றொரு குறுக்கீடு வரக்கூடுமெனில், அது வரத்தக்க இடங்கள் ஏறத்தாழ நூறு. அவ்விரண்டாவதும் நூறு கட்டளைகள் கொண்டதாக இருந்து, அதன் இடையிலும் மூன்றாவது ஒன்று வரலாமெனில், நேரக்கூடிய அமைப்புகள் பத்தாயிரம். நான்காவதையும் சேர்த்தால் பத்து லட்சம். இவற்றுள் ஒன்றே ஒன்று மட்டும் தவறானதாக இருக்கலாம். பல மாதம் சோதித்தும் அது தலைகாட்டாமல், கருவி பயனுக்கு வந்த பின்னர் ஒருநாள் வெளிப்படலாம்.

ஆதலின் கவனிப்பு நிரலைச் சோதனையால் மட்டும் காத்தல் இயலாது. நேரக்கூடிய அமைப்புகளின் தொகையையே குறைத்தல் வேண்டும். எளிமையாக்குதல் என்பதன் பொருள் இதுவே. வரிகளின் எண்ணிக்கை குறைவது அதன் உடன்விளைவாகும்.

இப்போது சிறிது, பிறகு மிகுதி

முதல் விதி பழமையானது: குறுக்கீடு வந்த கணத்தில் இன்றியமையாததை மட்டும் செய்க; எஞ்சியதைப் பிறகு செய்க. படகுத்துறை அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருக்கும் ஊழியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கப்பலின் சங்கொலி கேட்டதும் அவர் உடனே செய்ய வேண்டுவது, படகை நிறுத்தும் சைகையைக் காட்டுவது மட்டுமே. கப்பலின் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் விரிவாக எழுதுதல் சற்றுப் பொறுத்துச் செய்யத்தக்கது.

பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு தொடங்கிய லினக்ஸ் கெர்னலில் இவ்விதி தொடக்க ஆண்டுகளிலேயே இடம்பெற்றது. உடனே செய்யும் பகுதியை மேற்பாதி என்றும், ஒத்திவைத்துச் செய்யும் பகுதியைக் கீழ்ப்பாதி என்றும் அழைத்தனர். அக்காலத்தில் கெர்னல் முழுமைக்கும் 32 கீழ்ப்பாதிகளுக்கே இடமிருந்தது. எத்தனை செயலிகள் இருப்பினும் ஒரு நேரத்தில் ஒரு கீழ்ப்பாதியே இயங்கலாம். செயலிகள் பெருகியபோது இது போதாததாயிற்று. வேறு முறைகள் அதன் இடத்தைப் பெற்றன.

ஒன்றன்பின் ஒன்று

இரண்டாவது எளிமையாக்கம் மேலே கூறிய கணக்கோடு நேரே தொடர்புடையது. நெடுங்காலமாக லினக்ஸில் கவனிப்பு நிரல்கள் இருவகைப்பட்டிருந்தன. ஒருவகை, தான் இயங்கும் வரையில் அச்செயலியில் வேறு குறுக்கீடுகளைத் தடுத்து வைக்கும். மற்றொரு வகை, பிற குறுக்கீடுகளுக்கு இடந்தந்து இயங்கும். எவ்வகை வேண்டும் என்பதைச் சாதன இயக்கியை எழுதுபவர் ஒரு குறியால் தெரிவிப்பார்.

இரண்டாம் வகைக்கு அந்நாளில் நியாயம் இருந்தது. பழைய வட்டுச் சாதனங்களில் தரவு ஒவ்வொன்றையும் செயலியே எடுத்து நினைவகத்தில் வைக்க வேண்டியிருந்தமையால், கவனிப்பு நிரல் நெடுநேரம் பிடித்தது. அதுவரை ஏனையவற்றைத் தடுத்து வைப்பின் அவை கெடும். உதாரணமாக, விநாடிக்கு 1,15,200 துண்மங்கள் வரும் தொடர்வழித் தொடர்பில், 87 மைக்ரோவிநாடிக்கு ஓர் எழுத்து வந்து சேரும். 16 எழுத்துகளைத் தேக்கி வைக்கும் இடமிருப்பினும், ஏறத்தாழ 1.4 மில்லிவிநாடியில் அது நிரம்பிவிடும். அதற்குள் கவனிக்கப்படாவிடில் அடுத்த எழுத்து மறைந்தொழியும்.

எனினும் இடந்தருவதால் ஆபத்தும் விளைந்தது. செயலி ஒவ்வொரு முறை நிறுத்தப்படும்போதும், திரும்ப வேண்டிய இடமும் கையிலுள்ள மதிப்புகளும் ‘அடுக்கு’ எனப்படும் நினைவகப் பகுதியில் சேமிக்கப்படுகின்றன. படகுத்துறை ஊழியரின் மேசையை மீண்டும் நினைவுகூரலாம். ஒரு தாளை முடிக்குமுன் அடுத்தது, அதனை முடிக்குமுன் இன்னொன்று என்று வந்துகொண்டேயிருப்பின், முடியாத தாள்கள் மேசையில் குவிந்து, இறுதியில் சரிந்து விழும். கெர்னலின் அடுக்கோ மிகச் சிறிது. நெடுங்காலம் அது எட்டுக் கிலோபைட்டு அளவினதாகவே இருந்தது. அடுக்கு நிரம்பி வழிந்தால் அடுத்துள்ள நினைவகம் சிதைந்து, கெர்னல் நின்றுவிடும்.

மற்றொரு குழப்பமும் இருந்தது. இரு சாதனங்கள் ஒரே குறுக்கீட்டுக் கம்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒன்றன் இயக்கி ‘தடுத்து வை’ என்றும் மற்றதன் இயக்கி ‘இடங்கொடு’ என்றும் குறித்திருந்தால், எதனை ஏற்பது? முதலில் பதிவு செய்துகொண்ட இயக்கியின் குறி மட்டுமே நடைமுறையில் மதிக்கப்பட்டது. இரண்டாம் இயக்கியை எழுதியவர், தம் நிரல் எந்நிலையில் இயங்குகின்றது என்பதையே உறுதியாக அறிய இயலாதவரானார்.

2010-ஆம் ஆண்டு வெளியான 2.6.35-ஆம் பதிப்பில் இதற்கு முடிவு காணப்பட்டது. எல்லாக் கவனிப்பு நிரல்களும் பிற குறுக்கீடுகள் தடுக்கப்பட்ட நிலையிலேயே இயங்கும் என்று விதி வகுக்கப்பட்டது. தரவைச் செயலியின் துணையின்றி நேரே நினைவகத்தில் சேர்க்கும் சாதனங்கள் பரவிவிட்டமையால், நெடுநேரம் பிடிக்கும் நிரல்கள் அருகிவிட்டன. ஆகவே பழைய நியாயமும் வலுவிழந்தது. பயனற்றுப்போன அக்குறி 2015-ஆம் ஆண்டில் 4.1-ஆம் பதிப்பிலிருந்து அடியோடு நீக்கப்பட்டது. நூறு, பத்தாயிரம், பத்து லட்சம் என்று பெருகிய கணக்கு இவ்விதியால் மறைந்தது. வேறு செயலிகளில் அதே நேரத்தில் நிகழ்வனவற்றிலிருந்து பொதுத்தரவைக் காத்தற்குப் பூட்டுகள் இன்னும் வேண்டும். ஒரே செயலியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் குழப்பம் மட்டும் அகன்றது.

இதற்கு விலை உண்டு. ஓர் இயக்கியின் கவனிப்பு நிரல் தாமதிக்குமாயின், அச்செயலியை நாடும் ஏனைய சாதனங்கள் அனைத்தும் காத்திருக்க வேண்டும். ஆகவே ‘சுருங்கச் செய்க’ என்பது ஒவ்வோர் இயக்கி ஆசிரியரும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கமாயிற்று.

கலந்ததைப் பிரித்தல்

மூன்றாவது எளிமையாக்கம் கெர்னலின் பொதுப்பகுதியில் நிகழ்ந்தது. குறுக்கீட்டு அறிவிப்புகள் மின்னியல் முறையில் ஒரே தன்மையன அல்ல. சில, கவனிக்கப்படும் வரையில் இறக்கப்படாத கொடியைப் போன்றவை. கொடி இறங்காதவரை அறிவிப்பு நிலைத்திருக்கும். வேறு சில, ஒருமுறை ஒலித்து ஓயும் சங்கைப் போன்றவை. கேளாமல் விட்டால் மீண்டும் ஒலிக்காது. முதல் வகையில், கம்பியைச் சற்று மூடிவைத்துச் சாதனத்தைக் கவனித்துப் பின்னர்த் திறத்தல் வேண்டும். இரண்டாம் வகையில், கவனிக்கும்போதே மறுமுறை ஒலித்ததா என்று குறித்துக்கொண்டு, ஒலித்திருந்தால் மீண்டும் ஒருமுறை கவனித்தல் வேண்டும்.

முன்னர் இவ்வெல்லா வகைகளையும் ஒரே பெரிய நிரல் கவனித்து வந்தது. ஒவ்வோர் அடியிலும் ‘இவ்வகையாயின் இதனைச் செய், அவ்வகையாயின் அதனைச் செய்’ என்னும் வினாக்கள் நிறைந்திருந்தன. ஒரு வகைக்காகச் செய்த திருத்தம் மற்றொரு வகையைக் கெடுக்கலாம். 2006-ஆம் ஆண்டு வெளியான 2.6.18-ஆம் பதிப்பில், தாமஸ் கிளைக்ஸ்னர், இங்கோ மோல்னார் ஆகியோரின் உழைப்பால் அது பிரிக்கப்பட்டது. ஆர்ம் வகைச் செயலிகளுக்காக ரஸ்ஸல் கிங் முன்பே வகுத்திருந்த அமைப்பு அதற்கு வழிகாட்டியது. கொடி வகைக்கு ஒரு சிறு நிரல், சங்கு வகைக்கு ஒரு சிறு நிரல், ஒவ்வொரு செயலிக்கும் தனித்துரிய குறுக்கீட்டுக்கு ஒன்று என்று தனித்தனியே அமைந்தன. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குள் படித்து முடிக்கத்தக்கது.

2009-ஆம் ஆண்டின் 2.6.30-ஆம் பதிப்பு மேலும் ஒரு வசதியைத் தந்தது. உடனடிப் பகுதி, ‘இவ்வறிவிப்பு என் சாதனத்தினுடையதா’ என்று பார்த்து, ஆயின் அதனை அமைதிப்படுத்தி நின்றுவிடும். எஞ்சிய வேலை, தனக்கென அடுக்கும் முன்னுரிமையும் கொண்ட ஓர் இழையில் நடைபெறும். அவ்விழை, தேவையானால் காத்திருக்கலாம். அதனினும் அவசரமான பணி வந்தால் வழிவிடலாம். குறித்த காலத்துக்குள் விடையளித்தே தீர வேண்டிய கருவிகளுக்கு லினக்ஸைத் தகுதியாக்கும் முயற்சிக்கு இவ்வமைப்பு ஒரு தூணாக அமைந்தது. 2004-ஆம் ஆண்டளவில் தொடங்கிய அம்முயற்சி, 2024-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 6.12-ஆம் பதிப்பில் முதன்மைக் கெர்னலின் பகுதியாயிற்று. இருபதாண்டு உழைப்பு அது.

வெள்ளம் பெருகும்போது

அறிவிப்புகள் அளவுகடந்து வரின் என் செய்வது? விநாடிக்கு 100 கோடி துண்மங்களைக் கடத்தும் வலைத்தொடர்பில், மிகச்சிறு பொட்டலங்கள் விநாடிக்கு ஏறத்தாழ 14,88,000 வரலாம்; அஃதாவது 672 நானோவிநாடிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்கீடு எனில், செயலி அறிவிப்புகளை ஏற்பதிலேயே காலம் முழுவதையும் செலவிடும். ஏற்ற பொட்டலங்களை உரியவரிடம் சேர்க்க நேரமிராது. ஓய்வின்றி உழைத்தும் பயன் சுழி என்னும் இந்நிலையை, ஜெஃப்ரி மோகலும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற கே. கே. ராமகிருஷ்ணனும் 1996-ஆம் ஆண்டு தம் ஆய்வுரையில் விளக்கித் தீர்வும் கூறினர்.

தீர்வு, பழைய வினவும் முறையை உரிய இடத்தில் மீண்டும் சேர்ப்பதாகும். முதல் பொட்டலம் குறுக்கீட்டால் அறிவிக்கப்படும். உடனே அச்சாதனத்தின் அறிவிப்பு நிறுத்தப்பட்டு, கெர்னலே சென்று பொட்டலங்களை அளவோடு எடுத்துக்கொள்ளும். வரத்து ஓய்ந்த பின்னர் அறிவிப்பு மீண்டும் திறக்கப்படும். லினக்ஸில் ‘நாப்பி’ எனப்படும் அமைப்பு இக்கருத்தை ஒட்டியது. வழக்கமாக ஒரு சுற்றில் 64 பொட்டலங்கள் வரை எடுத்துக்கொள்கின்றது.

உரிமையாளர் இல்லாத அறிவிப்பும் நேர்வதுண்டு. பழுதுற்ற சாதனம் கொடியை இறக்காமல் வைத்திருக்கலாம். எந்த இயக்கியும் அதனைத் தன்னுடையதென ஏற்காது. லினக்ஸ் இதற்கு ஒரு கணக்கு வைத்துள்ளது. ஒரு கம்பியில் வந்த 1,00,000 குறுக்கீடுகளுள் 99,900-க்கு மேற்பட்டவை எவராலும் ஏற்கப்படாவிடில், ‘எவரும் கவனிக்கவில்லை’ என்னும் செய்தியை எழுதி அக்கம்பியை மூடிவிடுகின்றது. ஒரு சாதனம் செயலற்றுப் போகலாம். முழு இயந்திரமும் காக்கப்படுகின்றது.

நம் நாட்டுச் செயலிகள்

இவை அயல்நாட்டுச் செய்திகளாக மட்டும் நின்றுவிடவில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘சக்தி’ என்னும் செயலி வரிசையில், 2018-ஆம் ஆண்டு 22 நானோமீட்டர் முறையில் அமெரிக்காவில் ஆக்கப்பட்ட சில்லில் லினக்ஸ் இயங்கியது. அதே ஆண்டில் சண்டிகரிலுள்ள அரைக்கடத்தி ஆய்வகத்திலும் ஒரு சில்லு உருவாயிற்று. விண்வெளிப் பணிகளுக்கென அக்கழகமும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஐரிஸ்’ 2025-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. கேரளத்தில், திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம் ‘வேகா’ என்னும் செயலி வரிசையை உருவாக்கியுள்ளது.

இவ்விரு வரிசைகளும் ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளை முறையைச் சார்ந்தவை. அம்முறையில் குறுக்கீடு வந்தவுடன் செயலி தானாகவே ஏனைய குறுக்கீடுகளைத் தடுத்து, காரணத்தை ஒரு பதிவகத்தில் எழுதி, குறித்த முகவரிக்குத் தாவுகின்றது. வெளிச்சாதனங்களின் அறிவிப்புகளை ஒரு தனி உறுப்பு வரிசைப்படுத்துகின்றது. கெர்னல் ஒரு பதிவகத்தைப் படித்தால், முன்னுரிமையில் முதல்வனவாகிய சாதனத்தின் எண் கிடைக்கும். பணி முடிந்ததும் அவ்வெண்ணைத் திரும்ப எழுதினால் கணக்குத் தீரும். போதனைக்கென எம்.ஐ.டி. நிறுவனம் வெளியிட்டுள்ள எக்ஸ்வி-6 என்னும் சிறு கெர்னலில், இவ்வுறுப்பைக் கையாளும் நிரல் ஏறத்தாழ ஐம்பது வரிகளில் அடங்குகின்றது. உயர்நிலை மாணவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் அதனைப் படித்து முடிக்கலாம்.

வகுப்பறையில் காணும் முறை

கேரளப் பள்ளிகளின் கணிப்பொறிகளில் லினக்ஸைச் சார்ந்த இயங்குதளமே வழங்கிவருகின்றது. ஆகவே வைப்பின் தீவிலுள்ள பள்ளி ஆசிரியரும் மேற்கூறியவற்றுள் ஒரு பகுதியை மாணவர்க்குச் செலவின்றிக் காட்டலாம். ‘ப்ராக்’ என்னும் கோப்பகத்தில் ‘இண்டரப்ட்ஸ்’ என்னும் கோப்பு உள்ளது. அதனைத் திறந்தால் ஓர் அட்டவணை தோன்றும். ஒவ்வொரு நிரையும் ஒரு குறுக்கீட்டுக்கு உரியது; ஒவ்வொரு நிரலும் ஒரு செயலிக்கு உரியது; உள்ளே இருப்பவை, கணிப்பொறி தொடங்கியது முதல் வந்த குறுக்கீடுகளின் எண்ணிக்கை.

மடிக்கணினியில் உடனமைந்த விசைப்பலகை பெரும்பாலும் 1 என்னும் எண்ணுடைய நிரையில் காணப்படும். அவ்வெண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, ஒரு விசையைப் பத்துமுறை தட்டி, மீண்டும் கோப்பைத் திறக்கச் செய்க. எண்ணிக்கை பத்துக்கு மாறாக ஏறத்தாழ இருபது கூடியிருக்கும். விசையை அழுத்தும்போது ஒரு குறுக்கீடும், விடும்போது ஒரு குறுக்கீடும் எழுவதே காரணம் என்பதை மாணவர்களே கண்டறியுமாறு விடுதல் நன்று. கோப்பைத் திறப்பதற்காகத் தட்டிய விசைகளும் அதில் சேர்ந்திருக்கும் என்பதை மறவாது கழித்தல் வேண்டும். வெளியிலிருந்து இணைக்கப்பட்ட விசைப்பலகையாயின் வேறு நிரையில் தோன்றும். எண்ணிக்கை இவ்வளவு நேராக ஒத்துவராது.

அடுத்து, எவரும் எதனையும் தொடாதிருக்கும்போது எந்நிரை வளர்கின்றது என்று கேட்கலாம். கால அளவியின் நிரை வளர்ந்துகொண்டிருக்கும். செயலியின் நேரத்தைப் பல பணிகளுக்கும் பங்கிட்டுத் தரும் கெர்னல், அக்குறுக்கீட்டைக் கொண்டே காலத்தை அளக்கின்றது. அட்டவணையின் மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பின், ஒரு காலைப்பொழுதிலேயே அது பல லட்சத்தைத் தாண்டியிருப்பதைக் காணலாம். அத்தனை முறையும் ஏதோ ஒரு வேலை நிறுத்தப்பட்டது. அத்தனை முறையும் அது பிழையின்றித் தொடர்ந்தது. நிறுத்தத்தின்போது இயங்கிய நிரல் சிறிதாக இருந்தமையே அதற்குக் காரணம் என்று மாணவர்க்கு எடுத்துரைத்தால், பாடம் நிறைவுறும்.